பாட்டில் இல்லாத சரணம்

பிப்ரவரி 3

தங்கைக்கு,

நான் மேடையில் பாட்டை மறந்துபோய், மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்று அங்கே உறவுக்காரர்களிடையே ஒரு பேச்சு நடப்பதாக அறிந்தேன். நான் மறக்கவில்லை. அழவும் இல்லை. மைக்கைப் பிடிக்கவும் இல்லை. அது ஸ்டாண்டில் இருந்தது. இந்தச் செய்தியை அனுப்பியவன் இங்கே இருக்கிற நம் சித்தப்பா மகன் என்பதும், அவனுக்குக் குடும்பத்தில் "தந்தி" என்று பேர் வைத்தவளே நீதான் என்பதும் எனக்கு மறக்கவில்லை. அன்று அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். பிறகு நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், சரியாகச் சொல்வதானால்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை இங்கே உள்ள தமிழ்ச் சங்கத்தார் நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடிப் பழைய சினிமாப் பாட்டுகளைப் பாடுகிறார்கள். நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். எந்தப் பாட்டைச் சொன்னாலும் படம், வருடம், ரெக்கார்டின் எந்தப் பக்கம் என்பது வரை சொல்லிவிடுவார். ஜனவரி மாதக் கூட்டத்தில் நான் "வழி கேட்டு வந்த காற்றே" பாடினேன். ஹாஸ்டலில் வார்டன் அறை ரேடியோவில் கேட்டோமே, அதுதான். பல்லவி முடிந்தது, முதல் சரணம் முடிந்தது, எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது சரணம் எடுத்தேன். டாக்டர் போனைப் பார்த்துக்கொண்டே கையை உயர்த்தினார்.

"அம்மா, ஒரு நிமிஷம். இந்தச் சரணம் இந்தப் பாட்டுல கிடையாது."

"உங்க போன்ல கிடையாதா, பாட்டுல கிடையாதா?" என்றேன்.

அவர் ரெக்கார்டையே போட்டுக் காட்டினார். அதில் நிலா, நதி, நாணல் என்று ஏதோ வேறு வரிகள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தக் காலத்தில் ரெக்கார்டில் ஒரு சரணமும் படத்தில் வேறொரு சரணமும் இருப்பது உண்டு, நான் பாடுவது படத்தில் உள்ளது என்று விளக்கினேன். பிறகு நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கிக் கடைசி வரை பாடிவிட்டுத்தான் இறங்கினேன். அழுதவள் இதைச் செய்வாளா?

இதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். என் மகனுக்கும் மருமகளுக்கும் கவலை வந்துவிட்டது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள், இது ஞாபக சக்திக்கான டாக்டர். மூன்று சொற்களைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டார், சொன்னேன். பத்து மணி பத்து நிமிடம் காட்டும் கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். அவருடைய சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் படத்தில் சின்ன முள் நேராகப் பத்தில் நிற்கிறது, சற்றுத் தாண்டி நிற்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை வீட்டில் தனியாக இருக்கும்போது அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்று மகன் உத்தரவு. முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள் நான். ஒரு சரணத்துக்காக எனக்குத் தேநீர் இல்லை.

ஏப்ரல் 26 அன்று சங்கத்தின் ஆண்டு விழா. பாடுகிறவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆதாரம் காட்டினால் சேர்ப்பதாகப் பல் டாக்டர் சொல்கிறார். நீ அந்தச் சரணத்தை ஹாஸ்டலில் தங்காமல் பஸ்ஸில் பள்ளிக்கு வருகிற பெண்ணின் பாட்டுப் புத்தகத்திலிருந்து எழுதி வந்தாய். தியேட்டரில் விற்பார்களே, அந்த மெல்லிய புத்தகம். பிறகு அதை அவள் உனக்கே கொடுத்துவிட்டதாகச் சொன்னாய். எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாதவள் நீ. அதைத் தேடி அனுப்பு.

போன ஜூனில் நீ போனில் சொன்னதையும், சொல்லிவிட்டு வைத்ததையும் நான் இங்கே எடுக்கவில்லை. அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள ஹெட்மிஸ்ட்ரஸ் அக்காவுக்கு,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். நான் எழுதுகிற பதிலுக்கு நீ மார்க் போடுவாய் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நீ அழுதாய் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. தந்தி எனக்குப் போன் செய்து, "அக்கா மேடையிலயே கலங்கிட்டாங்க" என்றான். "எங்க அக்காவா? வேற யாரையோ பார்த்துட்டுச் சொல்றே, கண்ணாடியை மாத்து" என்றேன். இதுதான் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

அடுப்பு விஷயம் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. உன் மகனிடம் நான் பேசட்டுமா? "டேய், உங்க அம்மா ஏழாம் வாய்ப்பாட்டை இன்னிக்கும் தலைகீழா ஒப்பிப்பா, நீ ஒப்பி பார்ப்போம்" என்று கேட்கிறேன். நீ போனை எடுப்பதில்லை. அவன் நம்பரையாவது அனுப்பு.

பாட்டுப் புத்தகம். அக்கா, ஐம்பத்தெட்டு வருஷம் ஆகிறது. நான் மூன்று வீடு மாறிவிட்டேன். இரண்டாவது வீட்டில் பரணில் தண்ணீர் இறங்கி அட்டைப்பெட்டி எல்லாம் கூழாகிவிட்டது. அதில் இருந்திருக்கலாம். கரையான் தின்றிருக்கலாம். அந்த பஸ் பெண்ணுக்குக் "குடை" என்று பட்டப்பேர், நிஜப் பேரே நினைவில்லை. எங்கே போய்த் தேடுவது?

வேறு பாட்டுப் பாடேன். உனக்கா பாட்டுக்குப் பஞ்சம்? அந்தப் பல் டாக்டர் வாயைத் திறக்க முடியாதபடி ஒன்றைப் பாடிவிட்டு வா. ஒரு சரணத்துக்காக ஊரோடு மல்லுக்கு நிற்க வேண்டுமா?

ஜூனில் நான் சொன்னதை எடுக்கவில்லை என்று எழுதி எடுத்துவிட்டாய். சரி, நானும் எடுக்கிறேன். நம் தெரு முனையில் தியேட்டரை இடித்துக் கார் நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள் என்று சொன்னதும் நீ கோபப்பட்டாய். யாரும் தடுக்கவில்லையா, யாரும் மனு எழுதவில்லையா என்று என்னை விசாரணை செய்தாய். அந்தத் தூசியில் மூன்று மாதம் இருமிக்கொண்டு கிடந்தவள் நான். அதனால்தான் "விட்டுட்டுப் போனவ ஊரைப் பத்திப் பேசாதே" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அத்தான் தவறிப்போன மூன்றாம் மாதமே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீ டிக்கெட் வாங்கிவிட்டு வந்து சொன்னாயே, அதுவும் செய்திருக்கக் கூடாது.

இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தேன். சொந்த அக்கா லைனில் வரமாட்டேன் என்கிறாள்.

உன் தங்கை

பி.கு. நீ பாடியது எந்தச் சரணம்? எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. முழுசாக எழுதி அனுப்பு.

*

மார்ச் 9

தங்கைக்கு,

உனக்கு ஞாபகம் இல்லை என்பதை நான் நம்பவில்லை. எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

பூட்டிய பெட்டிக்குள்ளே – என் தெருவை
மடித்துவைத்தேன் காற்றே
மூடியை அழுத்திப் பார்த்தேன் – ஒரு முனை
வெளியே நீட்டுது காற்றே
சாவி தொலைந்த பின்னும் – உள்ளே
சத்தம் கேட்குது காற்றே
யாரோ என் பேர் சொல்லி – அங்கே
கூப்பிடுகிறார் காற்றே

ஒரு சொல் விடவில்லை. புத்தகம் கூழாகியிருக்கலாம், கரையான் தின்றிருக்கலாம் என்று இரண்டு காரணம் சொல்கிறாய். ஒரு காரணம் போதுமான இடத்தில் இரண்டு காரணம் சொல்கிறவர்களை நான் அச்சகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். மறுபடியும் தேடு.

வேறு பாட்டுப் பாடு என்கிறாய். எனக்கு ஏன் இதுதான் வேண்டும் என்று சொல்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்க முடியாது.

இங்கே நான் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் கீழே எட்டு வரிசையில் கார் போகிறது, சத்தம் மேலே வருவதில்லை. மருமகள் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தட்டுகளை அடுக்கும்போது போனில் பாட்டு வைக்கிறாள். ஒன்று பாதியில் நிற்கும், அடுத்தது தொடங்கும். எல்லாம் முப்பது விநாடிதான். இந்தக் காலத்தில் யாருக்கும் முழுப் பாட்டும் தெரியாது என்று சங்கத்தில் பெரியவர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது. நமக்கு மட்டும் தெரிந்ததா? ஆறு மணிக்குப் பிரார்த்தனை மணி அடித்ததும் வார்டன் ரேடியோவை அணைத்துவிடுவார். "வழி கேட்டு வந்த காற்றே" பாட்டை எப்போதும் நேயர் விருப்பத்தின் கடைசியில்தான் போடுவார்கள். முதல் சரணம் முடியும், வீணை வரும், மணி அடிக்கும். எத்தனை முறை சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றோம், ஒரு முறையாவது வீணைக்குப் பின்னால் போனோமா? பிறகு பஸ்ஸிலும் கடைகளிலும் கேட்டதெல்லாம் பல்லவிதான். உன் அத்தானுக்குச் சினிமாப் பாட்டு ஆகாது, வீட்டில் ரெக்கார்டே கிடையாது.

சங்கத்தில் மேடைக்குப் பின்னால் ஒரு திரை கட்டுகிறார்கள். ஊரை நினைவூட்டுவதற்காம். கடற்கரை, சூரியன், படகு. நம் ஊருக்குக் கடலே கிடையாது. அதன் முன்னால் நின்று எல்லோரும் ஊரை நினைத்து உருகுகிறார்கள். என்னால் அது முடியவில்லை. எனக்கு ஊர் என்றால் ஒரு பாட்டின் நடுவே அடிக்கிற மணி. அதற்குப் பிறகு மறுநாள் குழாயடியில் நீ காதோடு சொன்ன எட்டு வரி.

உன் அத்தான் போன பிறகு இரண்டு பெட்டியில் நாற்பத்தாறு கிலோவுக்கு என் வீட்டை அடுக்கினேன். மூடி மூடவில்லை. அதன் மேல் உட்கார்ந்துகொண்டு இந்தச் சரணத்தைத்தான் பாடினேன். இங்கே வந்த முதல் வருடம், பகல் முழுவதும் யாரும் இல்லாத வீட்டில், ஒரு நாளைக்கு இத்தனை முறை என்று கணக்கில்லாமல் பாடினேன். முதல் சரணம் எல்லோருக்கும் சொந்தம். இரண்டாவது எனக்கு மட்டும். எழுதிய கவிஞர் யாரோ தெரியாது, ஹாஸ்டலில் என் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு எழுதியவர் போல எழுதியிருக்கிறார்.

பல் டாக்டர் போன வாரம் வீட்டுக்கே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "காத்தைப் பத்தின பாட்டும்மா இது. நடுவுல பெட்டி எங்கேருந்து வந்துச்சு? பூட்டு, சாவி எல்லாம் வருது. அந்தக் கவிஞர் இப்படி எழுதுற ஆள் இல்லை" என்றார். மகன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் போன பிறகு மெதுவாகக் கேட்டான்: "அம்மா, நீயே நினைச்சுக்கிட்டதா இருக்குமோ?"

நான் நினைத்துக்கொண்டதாக இருந்தால், இதுவரை நான் எதை வைத்துக்கொண்டு இருந்தேன்? ஆகவே உனக்கு விளங்கும். எனக்குப் புத்தகம் வேண்டும். புத்தகம் இல்லையென்றால் அந்தக் குடைக்காரியின் முகவரி வேண்டும். ஏப்ரல் 26க்கு முன்னால் வேண்டும்.

அக்கா

*

அக்கா,

இதை ஐந்து நாளாக எழுதுகிறேன். போனில் என்றால் பத்து விநாடி வேலை. சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் நீ எழுதச் சொல்கிறாய் போலிருக்கிறது.

பாட்டுப் புத்தகம் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. குடை இருந்தாள். படத்தைப் பார்த்துவிட்டும் வந்தாள். இரண்டாவது சரணம் என்ன என்று கேட்டேன். "ஹீரோ நீலச் சட்டை போட்டிருந்தான்" என்றாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

அந்தச் சரணத்தை நான்தான் எழுதினேன்.

இதைப் படித்துவிட்டு நீ நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

நீ பதினொன்றாவது, நான் ஒன்பதாவது. நீ மாணவர் தலைவி. உன் பெட்டிச் சாவி தொலைந்துபோயிற்றே, ஞாபகம் இருக்கிறதா? வார்டனிடம் சொன்னால் தலைவியே சாவியைத் தொலைத்தாள் என்று பேர் வந்துவிடும். ஒரே யூனிஃபார்மைத் துவைத்துத் துவைத்து ஐந்து நாள் ஈரத்தோடு போட்டுக்கொண்டாய். யாருக்கும் தெரியாது என்று நினைத்தாய். ஆறாம் நாள் நீ கணக்கு வகுப்பில் இருந்தபோது நான் ஹேர்பின்னால் உன் பெட்டியைத் திறந்தேன். இரண்டு நொடியில் திறந்துவிட்டது. உனக்கு ஒரு மாற்று உடை எடுத்துவைக்கத்தான் திறந்தேன், சத்தியமாக.

துணிக்கு அடியில் ஒரு காகிதம், எட்டாக மடித்து. நம் தெரு. முனையில் தியேட்டரிலிருந்து கடைசியில் தண்ணீர்த் தொட்டி வரை ஒவ்வொரு வீடும், கதவு எண்ணோடு, அடிக்கோல் வைத்து வரைந்திருந்தாய். நம் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் மட்டும் மை கலங்கியிருந்தது. அக்கா, ஹாஸ்டலில் எல்லோரும் என்னைத்தான் அழுமூஞ்சி என்பார்கள். "உங்க அக்காவைப் பாரு, கல்லு மாதிரி இருக்கா" என்பார் வார்டன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எனக்குப் பயமாகிவிட்டது. உடையை எடுக்காமலே மூடினேன். அவசரத்தில் ஏதோ துணி முனை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அப்படியே விட்டு ஓடினேன்.

அன்றைக்குப் படிப்பு நேரத்தில் கிராஃப் தாளின் பின்னால் எழுதினேன். ராகம்தான் இருந்ததே. கடைசி இரண்டு வரி மட்டும் இட்டுக்கட்டியது. ராகத்தில் இடம் மிச்சம் இருந்தது, நிரப்பினேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். அதற்கு முந்தின வருஷம் பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரு கவிதை கொடுத்தேன். ஆசிரியர் நீ. சிவப்புப் பென்சிலில் பத்தொன்பது திருத்தம் போட்டு, கீழே "மீண்டும் முயலவும்" என்று எழுதி, வகுப்பில் எல்லோர் முன்னாலும் கொடுத்தாய். தங்கை என்று சலுகை காட்டக் கூடாதாம். நான் மீண்டும் முயலவில்லை. இந்த எட்டு வரிதான் எழுதினேன். நான் எழுதியது என்று சொல்லியிருந்தால் நீ பென்சிலை எடுத்திருப்பாய். சினிமாப் பாட்டு என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். "எவ்வளவு நல்லா எழுதியிருக்கான் பாரு" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காக அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். பிறகு திறக்க வழியில்லாமல் போயிற்று.

நீ உன் பெட்டியின் மேல் உட்கார்ந்து இதைப் பாடினாய் என்று படித்ததும் என்னால் சமையலறையில் நிற்க முடியவில்லை.

இப்போது என்ன செய்வது? என்னோடு வேலை பார்த்தவளின் மருமகன் அச்சகம் வைத்திருக்கிறான். பழைய காகிதத்தில் பாட்டுப் புத்தகம் மாதிரியே ஒன்று அடித்துத் தருவானா என்று கேட்கட்டுமா? பல் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு போகட்டும். நான் சொன்ன பொய், நானே காப்பாற்றுகிறேன்.

உன் தங்கை

*

ஏப்ரல் 11

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நீ தேதி போடவில்லை. மார்ச் 27 என்று தபால் முத்திரையைப் பார்த்து நானே போட்டுக்கொண்டேன்.

போலிப் புத்தகம் அடிக்க வேண்டாம். அச்சுத் தொழிலைப் பற்றி எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது.

மற்றதற்கு இப்போது பதில் எழுதினால், பிறகு திருத்த முடியாததை எழுதிவிடுவேன். ஆகவே எழுதவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 25

அக்கா,

இந்தக் கார்டு உன் விழாவுக்கு முன்னால் வந்து சேராது என்று தெரியும். ஆறு தடவை போன் செய்தேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. திட்டுவதானால் திட்டிவிடு. பேசாமல் இருப்பது மட்டும் வேண்டாம். நாளைக்கு நீ அங்கே போகாதே. போய் என்னால் தலைகுனிந்து நிற்காதே.

தங்கை

*

மே 10

அன்புள்ள தங்கைக்கு,

உன் கார்டு நேற்று வந்தது. தலைகுனிந்து நிற்காதே என்று எழுதியிருக்கிறாய். நான் எப்போது நின்றிருக்கிறேன்?

விழா முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்தபோது என் பெட்டியைத் திறந்தாய் என்பதற்காகத்தான் கோபம் வந்தது, பொய் சொன்னதற்காக அல்ல. அந்த வரைபடத்தை உன் அத்தான்கூடப் பார்த்ததில்லை. அன்று பெட்டியின் வாயில் துணி முனை நீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நான்தான் ஒழுங்காக மூடவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். இத்தனை வருடமாக அது என் தவறு என்று நினைத்திருந்தேன். அந்தக் கோபம் மூன்று நாள் இருந்தது. நான்காம் நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது என்னை அறியாமல் அந்தச் சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் கோபத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை.

பிறகு யோசித்தேன். என்னிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: இது ஞாபகமா, நானே கற்பனை செய்துகொண்டதா? உன் கடிதம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. பாட்டைப் பற்றி டாக்டர் சொன்னது சரி. என் ஞாபகத்தைப் பற்றி நான் சொன்னதும் சரி. இரண்டும் சரியாக இருக்க முடியும் என்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

26ஆம் தேதி மகனிடம் என்னைக் கூட்டிப்போகச் சொன்னேன். "லிஸ்ட்ல பேர் இல்லையேம்மா" என்றான். "பார்க்கப் போறதுக்கு லிஸ்ட் எதுக்கு?" என்றேன். உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஐந்தாவது பாட்டுக்கும் ஆறாவது பாட்டுக்கும் நடுவில் மைக்கில் ஏதோ இரைந்தது. சரிசெய்துகொண்டிருந்தார்கள். எழுந்து மேடைக்குப் போனேன். மூன்று படி. யாரும் கை கொடுக்க நான் நேரம் கொடுக்கவில்லை.

பல் டாக்டர் காதோடு சொன்னார்: "அம்மா, தயவுசெஞ்சு. உங்க பேர் கூப்பிடலையே."

"என் பேரை நானே சொல்லிக்கறேன். நீங்க மைக்கைச் சரி பண்ணுங்க."

அதற்குள் மைக் சரியாகியிருந்தது. நான் சொன்னது அரங்கத்துக்கே கேட்டது. பின்வரிசையில் தந்தி போனிலிருந்து தலையைத் தூக்கினான். அவனைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன், சரியாகக் கேட்டுக்கொண்டு போகட்டும் என்று.

"ஜனவரியில் நான் பாடிய சரணம் அந்தப் பாட்டில் இல்லை. டாக்டர் சொன்னது சரி, நான் சொன்னது தவறு. அவரிடம் எல்லோர் முன்னாலும் மறுத்தேன், எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் ஒரு சொல்லையும் மறக்கவில்லை, ஒரு சொல்லையும் கற்பனை செய்துகொள்ளவில்லை. அந்தச் சரணத்தை எழுதியவள் என் தங்கை. அப்போது அவளுக்குப் பதினாலு வயது. ஊரை விட்டு ஹாஸ்டலில் இருந்த ஒருத்தியின் பெட்டியைப் பார்த்து எழுதினாள். பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். வேறொன்றும் எழுதவில்லை. அதற்குக் காரணம் நான். இப்போது அதைப் பாடப்போகிறேன். பாட்டில் இல்லாத சரணம் வேண்டாம் என்கிறவர்கள் வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வரலாம்."

யாரும் எழுந்து போகவில்லை. பல்லவி பாடினேன். முதல் சரணத்தை விட்டுவிட்டேன், அதைத்தான் எல்லோரும் பாடுகிறார்களே. நேராக உன்னுடையது. குரல் ஒரு இடத்தில், "நீட்டுது காற்றே" என்ற இடத்தில், சற்று இறங்கியது. வயது. நிறுத்தாமல் பாடினேன். என் பின்னால் அந்தக் கடற்கரைத் திரை இருந்தது. பாடும்போது நம் தெருவைக் கதவு எண்ணோடு அதன் மேல் வரைந்துகொண்டே போனேன். தியேட்டரிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை. இடித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். என் காகிதத்தில் இடிக்கவில்லை.

முடித்து இறங்கியபோது கைதட்டினார்கள். மரியாதைக்கா, உண்மையாகவா என்று எனக்குத் தெரியாது, ஆராயவும் இல்லை. பல் டாக்டர் படியருகே நின்றார். பையிலிருந்து நோட்டுப் புத்தகம் எடுத்தார். அவர் எல்லாப் பாட்டையும் குறித்துவைக்கிற நோட்டு.

"எழுதிக்கலாமாம்மா?"

"எதுல எழுதுவீங்க? இது எந்தப் படம், எந்த வருஷம்?"

"அதைக் கோடு போட்டுட்டு விட்டுடறேன். எழுதினவங்க பேர் மட்டும் வேணும்." பேர் சொன்னேன். எழுதினார். பிறகு பேனாவை மூடாமலே கேட்டார்: "மூணாவது சரணம் இருக்காம்மா? ராகம் இன்னும் ஒண்ணு கேக்குது."

"எழுதினவகிட்டதான் கேக்கணும்" என்றேன்.

காரை மகன்தான் ஓட்டி வந்தான். சிக்னலில் நின்றபோது, "சித்தி பாட்டெல்லாம் எழுதுவாங்களா?" என்று கேட்டான். உன் கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். பச்சை விழுந்ததும் பின்னால் ஹாரன் அடிக்கிற வரை படித்துக்கொண்டிருந்தான்.

அப்போது அழுதேன். மேடையில் அல்ல, காரில். பாட்டு முடிந்த பிறகு. இதை நீ யாரிடமாவது சொல்வதானால் இடத்தையும் நேரத்தையும் மாற்றாமல் சொல்.

மறுநாள் காலை அடுப்பைப் பற்றவைத்தேன். மகன் சமையலறை வாசலில் வந்து நின்றான். நீலச் சுடரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஜூலையில் அந்த டாக்டரிடம் நான் வரப்போவதில்லை, கடிகாரம் வரைய வேண்டுமானால் நீ போய் வரை" என்றேன். ஒரு டம்ளரை எடுத்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தான்.

"விட்டுட்டுப் போனவ" என்று சொன்னாய். ஆமாம், விட்டுவிட்டுத்தான் வந்தேன். உன்னிடம் கேட்டிருந்தால் போகாதே என்றிருப்பாய், நான் நின்றிருப்பேன். அதனால் கேட்கவில்லை. வந்ததற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, உன்னிடமும் இல்லை. ஆனால் பத்தொன்பது திருத்தத்துக்குக் கேட்கிறேன். அவற்றில் பதினாறு சரியான திருத்தங்கள்தான், எனக்கு நினைவிருக்கிறது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் கொடுத்தது தவறு.

உன் சரணத்தைச் சுத்தமாகப் படி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே உன் பேர். பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் கலந்திருக்கிறது, கை பரபரத்தது. தொடவில்லை. கடைசி இரண்டு வரியை இடம் நிரப்ப இட்டுக்கட்டியதாகச் சொல்கிறாய். இருக்கலாம். ஐம்பத்தெட்டு வருடமாக நான் போன இடமெல்லாம் என்னைத் திரும்பிப் பார்க்கவைத்தது அந்த இரண்டு வரிதான்.

டாக்டர் நோட்டில் ஒரு பக்கம் காலியாக விட்டுவைத்திருக்கிறார். மூன்றாவது சரணம் எழுது. திருத்த மாட்டேன் என்று உறுதி சொல்ல முடியாது. திருத்தினால் கறுப்புப் பென்சிலில் லேசாகப் போடுவேன், நீ அழித்துவிடலாம்.

போனில் பாடிக் காட்டாதே. எழுதி, தேதி போட்டு, தபாலில் அனுப்பு.

அக்கா